வட்டத்தட்டிலிருந்து வன்தட்டுக்கு

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஏறக்குறையப் பதினைந்து வருஷ காலத்துக்குள் தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த வீடு எதுவாயினும், அங்கே பீரோவின் உள்ளறையில், பட்டுப்புடவைகளுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் பக்கத்தில், மணமக்களின் முகம் அச்சிட்ட உறைக்குள் இரண்டு மூன்று வட்டத்தட்டுகள் மிகுந்த பத்திரத்தோடு வைக்கப்பட்டிருப்பதை அநேகமாகக் காணலாம். அவற்றைப் பூட்டி வைத்ததில் யாதொரு குறைவும் இல்லை. போட்டுப் பார்ப்பதற்கான கருவிதான் வீட்டில் இல்லை. டிவிடி பிளேயர் பழுதாகி, ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்காமல், என்றைக்கோ பழைய சாமான்காரரின் தள்ளுவண்டியில் ஏறிவிட்டது; புதிதாக வாங்கிய மடிக்கணினியோ தட்டு நுழைவதற்கு வாயே இல்லாமல் மெலிந்து வந்திருக்கிறது.

கடையில் காசு கொடுத்து வாங்கிய சினிமாத் தட்டுகளின் கதியும் இதுவே. ஒரு படத்தை இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து, இடைவேளையில் எழுந்து போய் மாற்றிப் போட வேண்டிய விசிடிகளை ஒரு தலைமுறை வாங்கிச் சேர்த்தது. 2007-ஆம் வருஷத்தை ஒட்டி மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலையை இறக்கியபோது, திருட்டு விசிடி வாங்கும் அவசியமே இல்லாதபடி சொந்தமாக ஒரு படநூலகம் வைத்துக்கொள்ளும் பாக்கியம் சாதாரணக் குடும்பங்களுக்கும் வாய்த்தது. அந்த யுகம் முடிந்துவிட்டது. 1998-இல் டிவிடிகளைத் தபாலில் அனுப்பும் தொழிலோடு ஆரம்பித்த அமெரிக்க நெட்பிளிக்ஸ் நிறுவனம், 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி தன் கடைசித் தட்டை அனுப்பிவிட்டு அந்தத் தொழிலை மூடியது. எழுதத்தக்க புளூரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தட்டும் போய், தட்டைப் படிக்கும் கருவியும் போவதற்கு முன்னால், தட்டிலுள்ளதைக் கணினியின் வன்தட்டுக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்பதை வீட்டில் உள்ளவர்களே தெரிந்துகொள்வது நலம். காரியம் அவ்வளவு பிரமாதமானதல்ல.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு பேதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டில் உள்ளதை உள்ளபடியே பிரதி எடுப்பது ஒரு வேலை. அந்தப் பிரதியைக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடத்தக்க வீடியோக் கோப்பாக உருமாற்றுவது வேறு வேலை. முன்னது காப்பதற்கு, பின்னது பார்ப்பதற்கு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி, கிடைத்த மென்பொருளில் தட்டைப் போட்டு, அது தரும் சிறிய கோப்பை வாங்கிக்கொண்டு, அசலைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்கள், செய்யும் நஷ்டத்தை அப்போது உணர்வதில்லை. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. கடையில் வாங்கும் சினிமாத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சுத்த வெள்ளியாகப் பளபளக்கும். அது தொழிற்சாலையில் அச்சால் அழுத்திச் செய்யப்பட்டது, அதன் படமும் ஒலியும் பிளாஸ்டிக்கில் நுண்ணிய குழிகளாகவே பதிந்திருக்கின்றன. ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாணத் தட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா நிறமாகவோ, இலேசான பச்சை கலந்தோ தோன்றும். அங்கே குழி எதுவும் கிடையாது, ஒரு மெல்லிய சாயப் படலம் மாத்திரமே உண்டு, அந்தச் சாயத்தைத்தான் கணினியின் லேசர் கதிர் புள்ளி புள்ளியாகச் சுட்டுத் தகவலை எழுதியிருக்கிறது. சாயம் என்றால் வெளுக்கக்கூடியதுதான் அல்லவா? வெயிலும் உஷ்ணமும் ஈரக்காற்றும் அதை மெல்ல மெல்ல மாற்றிவிடும். கோடையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், இரும்பு பீரோவுக்குள் தட்டு அனுபவிக்கும் உஷ்ணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், ஆயிரக்கணக்கில் அச்சாகி எங்கெங்கோ பிரதிகள் கிடைக்கக்கூடிய சினிமாத் தட்டு நீண்ட ஆயுளுடையதாகவும், உலகத்தில் வேறு பிரதியே இல்லாத கல்யாணத் தட்டு அற்ப ஆயுளுடையதாகவும் அமைந்துவிட்டன.

காயம் படும் இடத்தில் சிடியும் டிவிடியும் வேறுபடுகின்றன. சிடி, விசிடி வகைகளில் தகவல் படலம் மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சின் பாதுகாப்பில் மாத்திரம் இருக்கிறது. ஆகையால் அடிப்பக்கத்தில் கீறல் விழாமல் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர்கள், மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘நிச்சயதார்த்தம்’ என்று அழுத்தி எழுதித் தங்கள் கையாலேயே அதைக் காயப்படுத்தியிருக்கக்கூடும். டிவிடி அப்படியல்ல, 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டிய சாண்ட்விச் அது, தகவல் நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் வளைத்தால் ஒட்டுப் பிரியும் அபாயம் உண்டு. உறையின் நடுக் குமிழிலிருந்து தட்டை வெடுக்கென்று பிடுங்காமல், குமிழை அழுத்திக்கொண்டே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இனி உள்ளே இருப்பதைப் பார்ப்போம். விசிடி என்பது 1993-இல் வகுக்கப்பட்ட முறை. ஒரு தட்டில் 74 நிமிஷம் ஓடும். படத்தின் அளவு அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288 புள்ளி. எம்பெக்-1 என்னும் சுருக்க முறை. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு முறையில் அதன் படம் 720-க்கு 576 புள்ளி, ஒற்றை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கானால் 8.5 ஜிபி, சுருக்க முறை எம்பெக்-2. இந்தச் சுருக்கம் என்பது என்ன என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். டிவிடியின் ஒரு சட்டத்தில், அதாவது ஒரு தனிப் படத்தில், 4,14,720 புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 25 சட்டங்கள். இவற்றை ஒன்றும் விடாமல் அப்படியே எழுதி வைப்பதானால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 56 ஜிபி இடம் வேண்டும். அதை இரண்டு மூன்று ஜிபிக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்றால், கண் கவனிக்காது என்று கருதப்பட்ட நுட்பங்களை எல்லாம் முன்னமே கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கழிந்தது கழிந்ததுதான், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது.

டிவிடியைக் கணினியில் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை தெரியும். அதற்குள் ‘விஓபி’ என்று முடியும் பெரிய கோப்புகளும், அவற்றின் ஒழுங்கைச் சொல்லும் ‘ஐஎஃப்ஓ’ என்ற சிறு கோப்புகளும், அந்தச் சிறு கோப்புகளின் நகல்களும் இருக்கும். பெரிய கோப்பு ஒவ்வொன்றும் ஒரு ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது விதியாதலால், மூன்று மணி நேரக் கல்யாணம் நான்கு ஐந்து துண்டுகளாக வெட்டுண்டு கிடக்கும். பார்த்தவுடன் இந்தத் துண்டுகளை மாத்திரம் இழுத்து வன்தட்டில் போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடக்கூடாது. மாலை மாற்றும்போது ஒரு துண்டு முடிந்து, அடுத்த துண்டு எங்கே என்று தேடும்படி ஆகும்.

சரியான வழி, தட்டு முழுவதையும் ஒரே ‘ஐஎஸ்ஓ’ கோப்பாக நகல் எடுப்பது. யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவிலும், இணையக் கடைகளிலும் இன்னும் கிடைக்கிறது. விண்டோஸ் கணினியில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். அது பழையதாயினும் பழுதில்லாதது. மேக் கணினியில் டிஸ்க் யூட்டிலிட்டி கூடவே வருகிறது. நல்ல தட்டானால் கால் மணி நேரத்துக்கு ஒன்றாக நகலாகிவிடும். ஒரு டெரா பைட் வன்தட்டில் இத்தகைய தட்டுகள் இருநூறு அடங்கும் என்பதைக் கருதினால், இடம் போதாது என்று சொல்லி அசல் நகலை எடுக்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

நல்ல தட்டு சுலபமாக நகலாகும். சிரமம் கொடுப்பது கெட்ட தட்டுதான். நம்மிடம் இருப்பவற்றில் பாதி அப்படிப்பட்டவை. தட்டின் தகவல் நடுத் துளைக்கருகே ஆரம்பித்துச் சுருளாக விளிம்பை நோக்கிச் செல்கிறது. கை படுவதும், உரசுவதும், உறையில் இடிபடுவதும் விளிம்பிலேயே அதிகமாதலால், பெண் அழைப்பும் முகூர்த்தமும் அழகாக ஓடி, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் கட்டத்துக்கு வந்ததும் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். முதலில் செய்ய வேண்டியது, சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரலால் மெதுவாகக் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைப்பது. வட்டமாகத் துடைக்கலாகாது. தட்டில் உள்ள பிழை திருத்தும் ஏற்பாடு, தகவல் ஓடும் திசைக்குக் குறுக்கே விழும் சிறு கீறலைச் சமாளித்துவிடும். அதே திசையில் வட்டமாக நீண்டு விழும் கீறலிடம் அது தோற்றுவிடும். பற்பசை தேய்ப்பது, வாழைப்பழம் தேய்ப்பது ஆகிய கை வைத்தியங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். பற்பசை இலேசான அரம். மேலோட்டமான கீறலைச் சற்று மழுக்கக்கூடும், புதிய கீறல்களையும் உண்டாக்கக்கூடும். வேறு வழி எல்லாம் அடைபட்ட பிறகு வேண்டுமானால் பரீட்சிக்கலாம். வாழைப்பழத்தைச் சாப்பிடுவதே உத்தமம்.

கழுவியும் படிக்காத தட்டை வேறொரு டிரைவில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவ் மறுத்த தட்டை மற்றொன்று மறுப்பில்லாமல் படிப்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு நித்திய அனுபவம்; லேசரின் பலமும், கண்ணாடியின் தூய்மையும் டிரைவுக்கு டிரைவ் மாறும். லினக்ஸ் பழகியவர்களுக்கு டிடிரெஸ்க்யூ என்றொரு அருமையான சாதனம் இருக்கிறது. சாதாரண மென்பொருள் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுவோ, கெட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிச் சென்று, முதலில் நல்ல பாகம் முழுவதையும் எடுத்து முடித்துவிட்டு, பிறகு குறித்து வைத்த இடங்களுக்குத் திரும்பி வந்து சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கும். குறிப்பைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வதால், இன்று ஒரு டிரைவில் எடுத்ததில் விட்டுப்போன துண்டுகளை நாளை நண்பர் வீட்டு டிரைவில் எடுத்து அதே கோப்பில் நிரப்பலாம். கல்யாண வீட்டுக் கணக்கை முடிக்கும் அனுபவசாலி, வராத மொய்யைக் குறித்து வைத்துவிட்டு வந்ததை முதலில் வரவு வைக்கும் சாமர்த்தியம் இதற்கு இருக்கிறது.

விசிடி விஷயத்தில் மாத்திரம் முறை சற்று வேறு. அதிக நேரப் படத்தை அடக்க வேண்டும் என்பதற்காக, சாதாரண சிடியில் உள்ள பிழை திருத்தும் ஏற்பாட்டின் ஒரு பகுதியை விசிடியில் படம் இருக்கும் இடத்தில் கைவிட்டார்கள். விசிடி அடிக்கடி திக்கித் திணறுவதன் காரணம் இதுதான். இதே காரணத்தால் ஐஎஸ்ஓ நகல் அதற்குப் பொருந்தாது. ‘எம்பெக்-ஏவி’ என்ற கோப்புறைக்குள் ‘டாட்’ என்று முடியும் கோப்பு ஒன்று பெரிதாக இருக்கும். அதை வன்தட்டுக்கு நகல் எடுத்தால் போதும். விஎல்சி என்ற மென்பொருள் அதை அப்படியே ஓட்டும்.

சிலர் வீட்டில் எட்டு சென்டிமீட்டர் குட்டித் தட்டுகள் இருக்கலாம்; கேமராவிலேயே நேராக எழுதியவை. கணினி அவற்றைக் காலித் தட்டென்று சொன்னால், கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்; அந்தப் பழைய கேமராவைத் தேடி எடுத்து அதில் அந்த வேலையை முடித்தாக வேண்டும். தட்டை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் குட்டித் தட்டை ஒருபோதும் போடக்கூடாது.

பிரதி கைக்கு வந்த பிறகு உருமாற்றம். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளையே நான் சிபாரிசு செய்வேன். 2003 முதல் வளர்ந்துவரும் இதை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவலாம். ஐஎஸ்ஓ கோப்பை அதில் திறந்தால், துண்டுகளை எல்லாம் தானே கோத்து ஒரே படமாகக் காட்டும். கோப்பு வகைக்கு எம்பி4, சுருக்க முறைக்கு எச்.264 என்று தேர்ந்தெடுத்தால், இன்றுள்ள கைப்பேசி, தொலைக்காட்சி எதுவும் முகம் சுளிக்காது. இதைவிடப் புதிய எச்.265 முறை இன்னும் சிறிய கோப்பைத் தரும். ஆனால் மாமாவின் பழைய தொலைக்காட்சியில் அது ஓடாமல் போய், விசேஷத்துக்குக் கூடியவர்களுக்கு முன்னால் விழிக்க நேரிடும். தரத்தை நிர்ணயிக்கும் ‘ஆர்எஃப்’ என்ற எண்ணில் அளவு குறையக் குறையத் தரம் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை வைப்பது முறை, நான் 18-ஐயே விரும்புவேன். இப்படிச் செய்யும்போது கோப்பு பெரும்பாலும் அசலில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சுருக்கவே மனமில்லாதவர்களுக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள் உண்டு. தட்டில் உள்ள படத்தையும் ஒலியையும் ஒரு புள்ளிகூட மாற்றாமல் எடுத்து ஒரே கோப்புக்குள் வைத்துவிடும். அளவு குறையாது, தரமும் குறையாது.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கேமரா ஒரு சட்டத்தை ஒரே கணத்தில் பிடிப்பதில்லை. ஒற்றைப்படைக் கோடுகளை முதலிலும், இரட்டைப்படைக் கோடுகளை ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் பிடித்து, இரண்டையும் சீப்பின் பற்கள்போல் கோத்துவிடும். பழைய பெட்டித் தொலைக்காட்சி அதே வரிசையில் கோடுகளைத் தீட்டியதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்றைய திரை எல்லாக் கோடுகளையும் ஒரே சமயத்தில் காட்டுவது; ஆகவே அந்த ஐம்பதில் ஒரு விநாடிக்குள் அசைந்த பொருளெல்லாம் விளிம்பு கிழிந்து தெரிகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தெளிவாக இருப்பார்கள். கெட்டி மேளம் கொட்டி எல்லோரும் அட்சதை தூவும் கட்டத்தில், ஒவ்வோர் அரிசியும் இரண்டு மூன்று கோடுகளாகப் பிளந்து, தூவும் கைகள் ரம்பப் பற்களோடு வீசும். ஹேண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதற்கு எதிரே ‘யாடிஃப்’ அல்லது ‘பிடபிள்யூடிஃப்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் ‘பாப்’ என்பதை வைத்து, சட்ட எண்ணிக்கையை விநாடிக்கு 50 என்று கொடுத்தால், பிளந்த பாதிகள் இரண்டும் தனித்தனிச் சட்டங்களாகி, அட்சதை அன்று விழுந்தபடியே வழுக்கிக்கொண்டு விழும். இதைச் செய்யாமல் சுருக்கிவிட்டால், கிழிசல் படத்தோடு படமாக வெந்து கலந்துவிடும். பிறகு பிரிப்பது மகா கஷ்டம். அசல் நகலைக் கைவிடாதீர்கள் என்று முதலிலேயே நான் மன்றாடியதற்கு இது ஒரு காரணம்.

உருவத்தின் விகிதமும் கவனிக்கத்தக்கது. டிவிடியின் 720-க்கு 576 என்ற புள்ளிகள் சதுரமானவையல்ல. பழைய படமானால் 4-க்கு 3, அகலப் படமானால் 16-க்கு 9 என்ற விகிதத்துக்கு விரித்துக் காட்ட வேண்டியவை. ஹேண்ட்பிரேக்கில் ‘அனமார்பிக்’ என்பதைத் தானியங்கியாக விட்டால் அது பார்த்துக்கொள்ளும். 4-க்கு 3 படத்தை அகலத் திரை முழுவதும் நிரப்பும்படி தொலைக்காட்சியில் இழுத்துவிட்டு, ‘கல்யாணத்திலேயே நான் இவ்வளவு குண்டாகவா இருந்தேன்!’ என்று மனம் வருந்தும் சகோதரிகளுக்கு, குற்றம் தொலைக்காட்சியின் அமைப்பில் இருக்கிறதென்று தைரியம் சொல்லலாம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் தெரியட்டும்.

ஒலிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏஏசி’ முறையில் 160 கிலோபிட் போதும், சினிமாத் தட்டில் ஆறு வழி ஒலி இருந்தால் அதையும் கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கல்யாணத் தட்டை ‘எச்டி ஆக்கித் தருகிறோம்’, ‘4கே ஆக்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய திரைக்கு ஏற்பப் புள்ளிகளைப் பெருக்குவது சாத்தியம். இல்லாத நுட்பத்தைக் கற்பனையால் நிரப்புகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்திருக்கின்றன. அவை தீட்டும் முகம் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது காலமான பாட்டியின் முகமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் அபிப்பிராயத்தில் இது வீண் செலவு. ஆசைப்பட்டால் ஒரு பிரதியில் செய்து பார்க்கட்டும். அசலைத் தொடவிட வேண்டாம்.

இனிச் சட்டம். கல்யாணத் தட்டைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சினிமாத் தட்டின் நிலை வேறு. விசிடியில் பூட்டு எதுவும் கிடையாது. டிவிடியில் பலவற்றுக்குச் சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டு உண்டு. 1999-இல் நார்வே தேசத்துப் பையன் யோன் லேக் யோஹான்சன் என்பவரின் பெயரோடு வெளிவந்த டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் அதைத் திறந்துவிட்டது. அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2003-இல் கீழ்க்கோர்ட்டும் மேல்கோர்ட்டும், தான் விலை கொடுத்து வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகாதென்ற அடிப்படையில் அவரை விடுதலை செய்தன. நம் நாட்டில் 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்து, உரிமையை மீறும் எண்ணத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைக் குற்றமல்ல என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், தன் அலமாரியில் இருக்கும் தட்டைத் தான் பார்ப்பதற்காக மாற்றிக்கொள்வது ஒரு பக்கத்திலும், மாற்றியதைப் பத்துப் பேருக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது மற்றொரு பக்கத்திலும் நிற்கின்றன என்பது தெளிவு. திருட்டு வீடியோத் தொழில் செய்வோரைக் குண்டர் சட்டத்தில் அடைக்கலாம் என்று 2004-இல் சட்டம் திருத்திய மாநிலம் நம்முடையது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. ஹேண்ட்பிரேக் தானாக எந்தப் பூட்டையும் திறப்பதில்லை.

சினிமாத் தட்டுகள் எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றனவே, எதற்கு வீண் சிரமம் என்று கேட்பவர்கள் உண்டு. புதிய படங்களுக்கு அது உண்மை. ஆனால் இன்று இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்ததும் நாளை அங்கே இராது. பழைய படங்களில் பல அங்கே வந்ததே இல்லை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும் அழுக்குத் தட்டு, ஒரு படத்தின் பார்க்கத்தக்க கடைசிப் பிரதியாக இருக்காதென்று எவரால் சொல்ல முடியும்?

மாற்றி முடித்த கோப்புகளை ஒரே வன்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாகாது. வன்தட்டும் ஒருநாள் நிற்கும், தட்டைப்போல் முன்கூட்டித் திக்கித் திணறி எச்சரிக்காமலே நிற்கும். இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் இந்தக் காரியம் இயல்பாகவே முடிந்துவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முன்னால் போட்டு, யாருடைய கல்யாணம், எந்த ஊர், எத்தனையாவது தட்டு என்று எழுத வேண்டும். ‘வீடியோ1’ என்ற பெயரால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் பிரயோஜனமில்லை. யூடியூபில் ஏற்றி வைத்தால் போதாதா என்றால், கல்யாண வீடியோவில் ஸ்டூடியோக்காரர் தாராளமாகச் சேர்த்திருக்கும் சினிமாப் பாட்டுகளுக்கு உரிமை கோரி அறிவிப்பு வரும், சில சமயம் படமே ஊமையாகும். தவிர, ஏற்றும்போது அது இன்னொரு முறை சுருக்கவும் படுகிறது.

ஆகவே வாசகர்கள் பீரோவைத் திறந்து, அடிப்பக்கம் ஊதாவாகவோ, பச்சை கலந்தோ இருக்கும் தட்டுகளை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டுகிறேன். வெள்ளித் தட்டுகள் இன்னும் சில வருஷம் பொறுக்கும். டிரைவ் வாங்கப் பணமோ, கணினியில் பழக்கமோ இல்லாதவர்கள், படம் எடுத்த ஸ்டூடியோவிலேயே கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஆனால் ‘எம்பி4 மட்டும் போதாது, ஐஎஸ்ஓவும் சேர்த்துக் கொடுங்கள்’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், வந்த கோப்பைக் கடைசி நிமிஷம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.